கலிங்கும் கணுக்காலும்

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி, சிற்றாற்றங்கரையில் அமைந்த பழைய ஊர் கங்கைகொண்டான். ஊரின் பெயர் முதலாம் இராசேந்திர சோழனின் விருதுப்பெயர். கங்கைக் கரை வரை படை செலுத்திய அம்மன்னன், அங்கிருந்து வந்த நீரைத் தன் புதிய தலைநகரில் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரியில் சேர்த்தான் என்பதும், திருவாலங்காட்டுச் செப்பேடு அவ்வேரியை நீராலான வெற்றித்தூணாக வருணிக்கிறது என்பதும் வரலாற்று மாணவர் அறிந்தவை. நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானில் அத்தகைய வெற்றித்தூண் எதுவும் இல்லை. இங்குச் சுற்றிலும் இருப்பவை குளங்கள். ஒன்றின் மிச்சத்தை மற்றொன்று வாங்கி நிரம்பும் எளிய குளங்கள். இவை எவ்வாறு இயங்கின என்பதையும், அவ்வியக்கத்தினுள் பொதிந்திருந்த நீதி யாது என்பதையும், நம் ஃபிக்ஹு நூல்கள் நீர் குறித்துப் பேசுவனவற்றை அருகில் வைத்து இங்கு நோக்க விழைகிறோம்.

வடமாவட்டங்களில் ஏரி என்றும், இராமநாதபுரத்தில் கண்மாய் என்றும் வழங்குவது நெல்லையில் குளம். கடல்போல் விரிந்த நீர்ப்பரப்பாயினும் இங்கு அது குளந்தான். மழைநீர் ஓடிவரும் சரிவின் குறுக்கே பிறைவடிவில் மண்கரை எழுப்பி, கரையின் உட்புறத்தை அலை அரிக்காதவாறு கல்லடுக்கி, மேட்டுப்புறத்தைத் திறந்தபடி விடுவதே அதன் அமைப்பு. மேட்டுப்புறத்துக்கு எல்லைச் சுவர் கிடையாது. நீர் எதுவரை ஏறி நிற்கிறதோ அதுவரை குளம். இந்த எல்லையை நிர்ணயிப்பது எது என்னும் வினாவே நம் கட்டுரைக்கு அடிப்படை. ஆயினும் அதற்கு முன் மடையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

குளத்தின் வாய் மடை. கரையை அறுத்துக் கதவு வைத்தால் நீரின் அழுத்தம் கதவையும் கரையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். ஆகவே பழைய கொத்தர்கள் வாயைக் கரையில் வைக்கவில்லை. கரையிலிருந்து விலகி, குளத்தின் உள்ளே வைத்தனர். நீருக்குள் இரண்டு உயர்ந்த கற்றூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களில் துளையிருக்கும். அத்துளைகளின் வழியே இறங்கும் நீண்ட கம்பின் அடியில் கூம்புவடிவ மரக்கட்டை. கீழே கல்லாலான ஒரு தொட்டி. அதன் மூடுகல்லில் கட்டை சென்று அடையும் ஒரு துளை. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் கல் பாவிய சுரங்கம் வயற்புறம் வரை செல்லும். கம்பை உயர்த்தினால் நீர் மேலிருந்து தொட்டிக்குள் இறங்கும். தாழ்த்தினால் நீரின் எடையே கட்டையைத் துளையில் இறுக்கி அடைத்துவிடும். எந்த அழுத்தம் கரையை உடைக்கும் என்று அஞ்சினரோ, அதே அழுத்தத்தைக் கொண்டு மடையை அடைத்தனர். இதுவே குமிழித்தூம்பு. மேல்துளையை நீரோடித் துளை என்றும், தொட்டியின் அடிப்பக்கத்துச் சிறு துளைகளைச் சேறோடித் துளை என்றும் வழங்குவர். மேலே நீர் பாய்ந்து இறங்கும் வேகத்தில் அடியில் படிந்த வண்டல் சிறு துளைகளின் வழியே இழுபட்டு, நீரோடு கலந்து வயலுக்குச் சென்றது. வயலுக்கு எருவும் குளத்துக்குத் தூர்வாரலும் ஒரே செயலில் நடந்தன. ஆனாலும் இது முழுமையான தூர்வாரல் அன்று. மடையைச் சுற்றிய வண்டலை மட்டுமே இது அகற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சிய பரப்பைக் கோடையில் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கித்தான் வெட்டினர்.

இவ்வமைப்புகளின் பழமைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கங்கைகொண்டானுக்கு வடக்கே, சாத்தூர்ப் பகுதியில் உள்ள எருக்கங்குடிக் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இருப்பைக்குடிக் கிழவன் எட்டிசாத்தன் என்பார் செய்வித்த குளங்களைப் பட்டியலிடுகிறது. கங்கைகொண்டானுக்கு மேற்கே, சிற்றாற்று நீரைக் கால்வாய் வழியே பெறும் பெரிய குளத்தையுடைய மானூரில், கி.பி. 800-ஐ ஒட்டிய பாண்டியர் கல்வெட்டு ஒன்று ஊர்ச்சபை உறுப்பினருக்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. குளமும் சபையும் ஒரே ஊரில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும் பொதுநீரை ஆள்வதற்குத் தகுதியுடைய ஆட்கள் வேண்டும் என்னும் எண்ணம் இம்மண்ணில் எவ்வளவு பழையது என்பதை அக்கல்வெட்டு உணர்த்துகிறது.

இனி, எல்லையைப் பற்றிய வினாவுக்கு வருவோம். மடை அவ்வூருக்கு உரியது. கலிங்கு அடுத்த ஊருக்கு உரியது. நெல்லைப் பேச்சில் கலுங்கு. கரையின் ஒரு முனையில், மண் உறுதியான அல்லது பாறை தட்டுப்பட்ட இடத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டப்பட்ட மட்டமான வாயில் அது. கதவும் கம்பும் அதற்கில்லை. குளம் அந்த மட்டத்தை எட்டியதும் மிஞ்சிய நீர் தானாகவே வழிந்து ஓடும். இதனையே குளம் மறுகால் பாய்கிறது என்பர். அந்த மறுகால் ஓடை, கீழே உள்ள குளத்துக்கு வரத்துக்கால். இவ்வாறு ஒரு குளத்தின் முடிவு அடுத்த குளத்தின் தொடக்கமாகி, கடைசிக் குளத்தின் மறுகால் ஆற்றிலோ கடலிலோ சென்று சேரும். நள்ளிரவில் பெருமழை பெய்தாலும் எவரும் ஓடிச்சென்று எதையும் திறக்க வேண்டுவதில்லை.

கலிங்கின் மேல் வரிசையாக நிற்கும் குத்துக்கற்களைப் பயணிகள் பலர் கண்டிருப்பர். அவை அழகுக்காக நட்டவை அல்ல. மழைக்காலம் முடியும் தறுவாயில், இனி வெள்ள அச்சமில்லை என்ற நிலையில், கற்களின் இடைவெளிகளை மண்ணும் வைக்கோலும் புல்கரணையும் கொண்டு அடைத்துக் குளத்தில் கூடுதலாகச் சிறிது நீரைத் தேக்கிக்கொள்வர். எதிர்பாராத வெள்ளம் வந்தால் அந்த அடைப்பு முதலில் கரைந்து போகும், கரை பிழைக்கும். அடைப்பை எப்போது வைப்பது, எவ்வளவு உயரம் வைப்பது என்பதில்தான் ஊர்களுக்கிடையே பூசல் எழும். மட்டத்தை ஒரு முழம் உயர்த்தினால் கீழூர்க் குளத்துக்கு நீர் பிந்தும். மழை குறைந்த ஆண்டில் வராமலே போகும். மேட்டுப்புறத்தில் நீர் ஏறி, அங்குப் பயிரிட்டிருப்போரின் நிலம் மூழ்கும். கரைக்கும் சுமை கூடும். தாழ்த்தினாலோ தன் ஊர்ப் பிசானப் பயிர் கதிர் முற்றும் முன் காயும். இத்தனை பேரின் உரிமைகளும் சந்திக்கும் கோடு அந்தக் கல்லின் மேல்விளிம்பு. ஒருவன் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், எதற்கு மேற்பட்டது பிறருடையது என்னும் சட்டத்தை ஏட்டில் எழுதாமல் கல்லில் கிடத்தி வைத்திருந்தனர். கலிங்கைப் பாசனப் பொறியியலின் துணை உறுப்பாகக் கருதுவோர் உண்டு. எம் நோக்கில் குளத்தின் உயிர்நிலை மடை அன்று, கலிங்கே.

இவ்விடத்தில் மதீனாவின் வாய்க்கால்கள் நினைவுக்கு வருகின்றன. ஹர்ரா என்னும் எரிமலைக்கல் நிலத்திலிருந்து இறங்கும் வாய்க்கால் நீர் குறித்து, மேற்பகுதியில் தோட்டம் வைத்திருந்த ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களுக்கும் அன்சாரித் தோழர் ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்கு விடுமாறு ஸுபைரிடம் முதலில் கூறினார்கள். உறவினர் என்பதால் சலுகை காட்டப்பட்டதாக அன்சாரித் தோழர் பேசிவிட, ஸுபைருக்குரிய முழு உரிமையையே தீர்ப்பாக வழங்கினார்கள்: நீர் வரப்பை எட்டும் வரை நிறுத்திப் பின்னர் விடலாம். இந்நிகழ்வு புகாரியில் பதிவாகியுள்ளது. இதனை மேலூர்க்காரரின் வெற்றியாக மட்டும் படிப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. முதலில் சொல்லப்பட்டது விட்டுக்கொடுக்கும் சமரசம். பின்னர் சொல்லப்பட்டது கறாரான உரிமை. அந்தக் கறாரான உரிமைக்கும் ஓர் உயரம் உண்டு. அவ்வுயரத்துக்கு மேல் நீர் அவருடையதன்று. மக்கள் பின்னர் அவ்வளவைக் கணித்தபோது அது கணுக்கால் மட்டத்துக்கு வந்தது என்று இப்னு ஷிஹாப் ஸுஹ்ரீ குறிப்பிடுகிறார். மதீனாவின் மஹ்ஸூர் ஓடை பற்றிய தீர்ப்பிலும் இதே கணுக்கால் அளவு வருகிறது: மேலே இருப்பவர் கணுக்கால் வரை நிறுத்திக் கீழே இருப்பவருக்கு விட வேண்டும்.

கணுக்கால் அளவு எல்லா நாட்டுக்கும் பொருந்துமா? ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் மாவர்தீ, தம் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் இவ்வினாவை எழுப்பி, அவ்வளவு எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் உரியதன்று. தேவையைக் கொண்டு அளக்கப்படுவது என்று விடை தருகிறார். நிலத்தின் தன்மை, பயிரின் வகை, கோடையா குளிர்காலமா என்பது, விதைப்புக்கு முன்னா பின்னா என்பது, நீர் தொடர்ந்து வருவதா விட்டுவிட்டு வருவதா என்பது ஆகியவற்றால் அளவு மாறும் என்கிறார். குத்துக்கல் இடைவெளியில் எப்போது மண் வைப்பது என்று வழக்காடிய நெல்லைக் குடியானவர்கள் மாவர்தீயைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் காரும் பிசானமுமாக ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு அவர்கள் எடைபோட்டவையும் இவையே. ஹிஜ்ரி 450-இல், அதாவது கி.பி. 1058-இல் மறைந்த மாவர்தீயும், 1014 முதல் 1044 வரை ஆண்ட கங்கைகொண்ட சோழனும் சமகாலத்தவர் என்பதை இடையே குறித்துவைக்கலாம். பாக்தாதுக்கும் பாண்டி நாட்டுக்கும் இதில் கடன் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது என்று நாம் வாதிடவில்லை. சரிவில் ஓடும் நீர் எங்கும் மேலவர், கீழவர் என்ற ஒரே வழக்கைத்தான் உண்டாக்குகிறது.

குளத்து நீருக்கு ஒரு வரம்புண்டு: தன் மட்டத்துக்குக் கீழேதான் அது பாயும். தாமிரபரணிப் படுகையில் இது குறையாகவே தோன்றவில்லை. பொதிகையிலிருந்து கடல்வரை சீராகச் சரியும் நிலத்தில், கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என ஏழு பழைய அணைகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணையும் நீரைத் திருப்ப, பதினொரு கால்வாய்கள் 180-க்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாயச் செய்தன. நீரை மேலேற்றும் தேவை இங்கு எழவில்லை. தக்காணத்தின் சுல்தான்களுக்கோ மேட்டு நிலத்தில் நகரங்கள் வாய்த்தன. அங்கு நீர்க்கோபுரங்கள் எழுந்தன.

பீஜப்பூரில் முஹம்மது ஆதில் ஷா காலத்தில், 1651-இல் கட்டப்பட்ட பேகம் தாலாப் என்னும் ஏரியிலிருந்து சுட்ட மண்குழாய்கள் வழியே நகருக்கு நீர் வந்தது. ஏரி உயரத்தில், நகர் தாழ்வில். மூடிய குழாயில் நீர் இறங்க இறங்க அதன் அழுத்தம் ஏறும். சுண்ணச் சாந்தால் இணைத்த மண்குழாய் அதனைத் தாங்காது. ஆகவே வழிநெடுக இடைவெளி விட்டுச் சதுரக் கோபுரங்களைக் கட்டினர். குழாய் கோபுரத்தின் உட்புறமாக மேலேறி, உச்சியிலுள்ள திறந்த தொட்டியில் நீரைக் கொட்டும். அங்கு நீர் காற்றைக் கண்டு தன் அழுத்தத்தை இழக்கும். குழாயில் அகப்பட்ட காற்று வெளியேறும். மண் தொட்டியில் படியும். பின்னர் மறுபுறக் குழாயில் இறங்கி அடுத்த கோபுரத்தை நோக்கிச் செல்லும். ஒவ்வொரு கோபுரமும் முந்தையதைவிடச் சற்றே தாழ்ந்த மட்டத்தில் நீரைப் பெறும். கோபுரம் நீரை ஏற்றும் பொறி என்றே பலரும் எண்ணுவர்; உண்மையில் அது நீரின் மிகைவிசையை இறக்கும் இடம். ஔரங்காபாத்தில் அபிசீனியாவில் பிறந்த மாலிக் அம்பர் 1617-ஐ ஒட்டி அமைத்த நஹ்ரே அம்பரியிலும் இத்தகைய தூண்கள் உண்டு. அதே நகரில் பாபா ஷா முஸாஃபிர் தர்காவை ஒட்டிய பன்சக்கியில், தொலைவிலுள்ள ஊற்றின் நீர் சுவரின் உச்சிக்கு ஏறிக் கீழே விழுந்து மாவரைக்கும் கல்லைச் சுழற்றியது. அம்மாவு அங்குத் தங்கிய ஃபக்கீர்களுக்கு உணவாயிற்று. இஸ்தான்பூலில் உஸ்மானியர் கட்டிய இவ்வகைக் கோபுரங்களைத் துருக்கியர் நீர்த்தராசு என்று பொருள்படும் பெயரால் வழங்கினர். கலிங்குக்கும் அப்பெயர் பொருந்தும். அங்கே அளவு மிஞ்சிய நீர் வழிகிறது, இங்கே அளவு மிஞ்சிய விசை வழிகிறது.

தமிழகத்தில் இவ்வகை முயற்சிக்குச் செஞ்சியைக் காட்டலாம். அங்குள்ள கலியாண மகாலின் அடுக்குகளுக்குக் கோட்டைக்கு வெளியே உள்ள நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியே நீர் ஏறியது. தன் மூலத்தின் மட்டத்தைத் தேடி நீர் ஏறும் இயல்பைக் கொண்டே அது இயன்றது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் ஹவுள் இதனினும் எளிமையானது. கிணற்றில் இறைத்த நீர் கல்வாய்க்காலில் ஓடி அதில் சேரும். ஆயினும் அதன் அளவைக் கட்டுமானத்துக்கு முன் மார்க்கச் சட்டம் தீர்மானித்தது. ஷாஃபிஈ மத்ஹபில் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் இரண்டு குல்லத் அளவும், ஹனஃபீ மத்ஹபில் பத்துக்குப் பத்து முழப் பரப்பும், நீர் எளிதில் அசுத்தமாகாத பெருநீர் என்பதற்குரிய எல்லைகள். காயலின் ஹவுளையும் உள்நாட்டு ராவுத்தர் ஊர்களின் ஹவுளையும் ஒப்பிட்டு அளந்து எவரேனும் ஆய்வு செய்தால் பயனுடையதாகும்.

குளங்களின் தளர்ச்சி பற்றி மிகுதியாக எழுதப்பட்டுவிட்டது. ஊராரின் வழக்கமாயிருந்த குடிமராமத்தை 1858-இல் ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டமாக்கியபோது, வழக்கம் நலிந்து சட்டமும் பயன்படாமற் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நகரங்கள் குளங்களின் மேல் படர்ந்தன. நெல்லையின் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தின் பரப்பில் 2003-இல் திறக்கப்பட்டது. குளத்தை அழிப்பதைவிட மறுகால் ஓடையை அழிப்பது எளிது. அது ஆண்டில் பெரும்பாலான நாள் வறண்டு கிடப்பதால், எவரும் அதனை நீர்நிலை என்று எண்ணுவதில்லை.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழை இந்த மறதியைச் சோதித்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணியில் வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் சென்றது. பல குளங்கள் உடைந்தன. ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. ஆக்கிரமிப்பு இல்லாதிருந்தால் இத்துன்பமே நேர்ந்திராது என்று கூறுவது நேர்மையாகாது. ஒரே நாளில் 95 செ.மீ. மழைக்கு அளவெடுத்துக் கட்டப்பட்ட கலிங்கு எதுவும் இல்லை. ஆனால் வந்த நீர் எந்த வழியே வடிய வேண்டுமோ அந்த வழியில் வீடும் சாலையும் நின்றால், வெள்ளம் வடிய நாள் கூடும் என்பதில் ஐயமில்லை. மேலே உள்ள நூறு குளங்களின் மறுகாலையும் கடைசியில் வாங்கிக்கொள்வது கடலோரத்து ஊர்கள்.

மறுபுறம், நீர் குறைந்த காலத்து வழக்கொன்று கங்கைகொண்டானிலேயே எழுந்தது. அங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தின் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்கப்படுவதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஆற்றின் உபரி நீரே ஆலைகளுக்குத் தரப்படுகிறது என்பது அரசுத் தரப்பின் வாதம்.

உபரி என்னும் இச்சொல் ஃபிக்ஹுக்குப் புதிதன்று. மிஞ்சிய நீரை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. இதனைக் கொண்டு, புட்டியில் அடைத்த நீரை விற்பதே ஆகாது என்று மேடையில் முழங்குவோர் சட்ட நூல்களைப் பார்க்கவில்லை. கலத்தில் முகந்து கைப்பற்றிய நீர் முகந்தவனின் உடைமை என்பதும், அதனை விற்கலாம் என்பதும் பெரும்பான்மை அறிஞர் கருத்து. தடை ஊற்றிலும் ஓடையிலும் கிடக்கும் நீரைப் பற்றியது. தஜ்லா, ஃபுராத் போன்ற பேராறுகள் அனைவருக்கும் பொதுவானவை. அவற்றிலிருந்து எடுப்பவர் பிறருக்குத் தீங்கு செய்யாதவரை எடுக்கலாம் என்பது இமாம் அபூ யூஸுஃப் போன்றோர் வகுத்த நெறி. எனவே வழக்கு புட்டியில் இல்லை. மிஞ்சியது எது என்பதை எந்தக் கோட்டைக் கொண்டு அளப்பது என்பதில் இருக்கிறது. மனிதரின் தாகம், அடுத்துக் கால்நடையின் தாகம், பின்னர் பயிர் என்பது நூல்கள் காட்டும் வரிசை. இவ்வரிசை முடிந்த பின்னர் எஞ்சுவதே மிகைநீர். நடுமழைக்காலத்தில் கடலுக்குள் பாயும் வெள்ளமும், சித்திரையில் ஆற்று மணலில் நூலாக ஓடும் நீரும் ஆண்டுச் சராசரி என்னும் ஒரே எண்ணுக்குள் அடங்கும்போது, அந்த எண் மாவர்தீ கேட்ட ஐந்து கேள்விகளுள் எதற்கும் விடை சொல்வதில்லை.

கங்கைகொண்டானைக் கடந்த சிற்றாறு, கிழக்கே சென்று சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. அதற்குக் கீழே இருப்பவை மருதூர் அணையும் ஸ்ரீவைகுண்டம் அணையும் மட்டுமே. கடம்பாகுளத்திலும், அதற்கப்பால் கடற்கரை நோக்கிச் செல்லும் கடைமடைக் குளங்களிலும், கார்ப் பருவத்தில் தண்ணீர் வருமா என்று அறியக் குடியானவர்கள் இன்றும் கலிங்கை அல்ல, மேலே அணையின் ஷட்டரையும் அதனைத் திறக்கும் ஆணையையுமே எதிர்நோக்குகின்றனர்.